சைரன் ஊதினால் நான் இருக்கும் இடம்

எங்கள் சிற்றூரில் பயப்படுவதற்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். இறங்கினால் ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு மருந்துக்கடை, வாத்துகள் நடந்தே கடக்கும் ஓர் ஆறு. அதை ஆறு என்பதே பெரிய மரியாதை. யாழ்ப்பாணத்தில் அதற்கு வாய்க்கால் என்றுதான் பெயர். களவு இல்லை, வெட்டுக்குத்து இல்லை. யாரோ ஒருவர் கண்ணாடிப் போத்தலைக் காகிதத் தொட்டிக்குள் போட்டுவிட்டார் என்பதை ஒரு கிழமை பேசுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருபத்துநான்கு வருடமாகப் பயந்துகொண்டு குடியிருக்கிறேன். அது ஒருவருக்கும் தெரியாது என்றும் அத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊர்க்காரர்கள் மூன்று பேர் கூடினால் ஒரு சங்கம் வைத்துவிடுவார்கள். பாடுவதற்கு ஒன்று, துப்பாக்கி சுடுவதற்கு ஒன்று, முயல் வளர்ப்பதற்கு ஒன்று, பூந்தோட்டத்துக்கு இரண்டு. பூந்தோட்டத்துக்கு ஏன் இரண்டு என்றால், முதலாவது சங்கத்தில் வேலி உயரத்தைப் பற்றிச் சண்டை வந்து பாதிப் பேர் பிரிந்துபோனார்கள். ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், ஆண்டுக்கூட்டம், கூட்டம் முடிய வீட்டில் செய்த கேக். நாங்கள் வந்த புதிதில் தேவாலய வாசலில் ஒருவர், "நீங்கள் எந்தச் சங்கம்?" என்று கேட்டார். அகதிச் சங்கம் என்று சொல்லத்தான் வாய் உன்னியது. நல்ல வேளை, அதைச் சொல்லும் அளவுக்கு அப்போது எனக்கு ஜேர்மன் வராது.

சங்கங்களுக்கெல்லாம் மேலே தீயணைப்புப் படை. பெரிய நகரங்களில் அதற்குச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் தாங்களாகச் சேர்ந்தவர்கள். தச்சர் இருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார், பல் வைத்தியரிடம் வேலை செய்யும் பெண் இருக்கிறாள். தலைவர் பேக்கரிக்காரர். சைரன் ஊதினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். பேக்கரிக்காரர் ஏப்ரனைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு ஓடினால், வரிசையில் முதலாவதாக நிற்பவர் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு பாண் விற்க வேண்டும். எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை. அப்படித்தான் நடக்கும்.

ஒருமுறை முதலாவதாக நின்றது நான். எங்கேயாவது கீழே, மண்ணுக்குள் ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் பின்னால் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கம் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் ஏப்ரனைக் கட்டினேன். ஆப்பிள் கேக்கைத் தலைகீழாகச் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிய மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சைரன் பழைய பள்ளிக்கூடத்துக் கூரையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, அது வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் தனியாகச் சொல்வார்கள்? வந்த மூன்றாம் கிழமை சந்தைக்குப் போயிருந்தேன். மகள் எட்டு மாதக் குழந்தை, தள்ளுவண்டியில் நித்திரை. அது ஊதத் தொடங்கியதும் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. பிள்ளையை இழுத்தெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு மரக்கறி மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். மேலேயிருந்து லீக்ஸ் கட்டொன்று முதுகில் விழுந்தது. ஷெல் விழுந்தது என்றே நினைத்தேன். சத்தம் நின்றபின் தலையைத் தூக்கினால் சுற்றிவரச் சப்பாத்துகள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நான் பிறந்த இடத்தில் சைரன் இருக்கவில்லை. குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சல்தான் சைரன். ஆனால் உடம்பு அப்படியெல்லாம் வகை பிரித்துப் பார்ப்பதில்லை. மேலே ஏதாவது கத்தினால் நிலத்துக்குக் கீழே போ. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் கிடங்கு வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட பங்கருக்குள்தான் நான் பாதிப் பாடம் படித்தேன். மாரியில் அதற்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தவளை நிற்கும். சில நாள் பாம்பும் நிற்கும். அதற்குள்ளும் இறங்குவோம். தண்ணீர் ஆளைக் கொல்லாது, மேலே நின்றால்தான் சாவு என்று அம்மா சொல்வார். அந்தக் காலத்தில் அது உண்மை.

இங்கே எங்கள் வீடு ஆற்றங்கரைத் தெருவில். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி, எண்பத்தாறு வயது மனுசி, தனியாக இருக்கிறார். மகள் அவரை ஓமா, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுவாள். மேல்தளத்தில் நாங்கள் மூவர்: லொறி ஓட்டிக்கொண்டு கிழமையில் ஐந்து நாள் வெளியே இருக்கும் என் கணவர், மகள், நான். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் காலை வேலை செய்கிறேன். வீட்டுக்கு அடியில் எல்லோருக்கும் பொதுவான நிலவறை. கெல்லர் என்பார்கள். அங்கே சலவை இயந்திரம் இருக்கிறது. அதற்கும் உள்ளே, உருளைக்கிழங்கும் ஜாம் போத்தலும் வைக்கும் சின்ன அறை. அதற்கு இரும்புக் கதவு. அந்த அறைதான் என் இடம்.

முதல் சனிக்கிழமைகளில் பதினொன்றே முக்காலுக்கு உடுப்புக் கூடையோடு இறங்கிவிடுவேன். தோய்க்கப் போகிறவளை யார் என்ன கேட்பது? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உருளைக்கிழங்குகளோடு உட்கார்ந்திருப்பேன். ஊதி முடிந்ததும் மேலே வந்து சோறு வடிப்பேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்குப் பங்கர் பழக்கம்.

பிறகு, மகளுக்குப் பன்னிரண்டு வயதான காலமாக இருக்க வேண்டும், வீட்டுக்காரி அந்த நேரமாகப் பார்த்துக் கோப்பிக்குக் கூப்பிடத் தொடங்கினார். சோறு சமைக்கிற நேரத்தில் கோப்பி! வரவில்லை என்றால் முகம் சுருங்கிவிடும். சைரன் ஊதும்போது அவருடைய மேசையில், கேக்கை முள்ளுக்கரண்டியால் குத்திக்கொண்டு இருப்பேன். அவரோ சரியாக அந்த நிமிடத்தில்தான் குரலை உயர்த்தி, மூச்சு விடாமல், தன் மருமகளின் குறைகளை அடுக்குவார். விவஸ்தை கெட்ட மனுசி என்று மனதுக்குள் திட்டுவேன். மாதம் தவறாமல் இது நடந்தது.

ஆனால் உண்மையான ஆபத்துக்கு ஊதும் சைரன் கிழமை பார்ப்பதில்லை. அதற்கு நான் கெல்லருக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தேன். அதுவும் போதாதென்று, அதே பன்னிரண்டாவது வயதில் என் மகள் தீயணைப்புப் படையின் சிறுவர் பிரிவில் சேர்ந்தாள். படிவத்தில் கையெழுத்து வைத்தது நானேதான். முகாம், பந்து விளையாட்டு, நெருப்பில் வாட்டிய சொசேஜஸ் என்று நினைத்தேன். வளர்ந்தால் விட்டுவிடுவாள் என்றும் நினைத்தேன். பதினெட்டானதும் பெரியவர்களோடு சேர்ந்துகொண்டாள். மின்வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, இப்போது ஒரு பட்டறையில் வேலை. இடுப்பில் ஒரு சின்னக் கருவி. சைரனுக்குச் சில நொடி முந்தி அது கூவும்.

அது கூவினால் அவள் படிக்கட்டுக்கு ஓடுவதற்கு முன் முதலில் என்னிடம்தான் வருவாள். நான் குசினியில் நின்றாலும் குளியலறையில் நின்றாலும் தேடி வந்து தோளைப் பிடிப்பாள்.

"அம்மா, நான்தான். போட்டு வாறன்."

அதற்குப் பிறகுதான் சைரன் ஊதும். கடைசியாக விடைபெற வருகிற மாதிரியே எனக்குப் படும். அவள் போனதும் கெல்லரில் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கூரை எந்தப் பக்கம் அவள்மேல் விழும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். சாவு வந்த வீட்டை மனதில் கட்டிப் பந்தலும் போட்டுவிடுவேன். அவள் புகை மணத்தோடு வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து நேற்றைய புட்டைத் தேடும்போதுதான் மூச்சு வரும்.

எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

"விட்டிடு பிள்ளை. வேலை இருக்கு, கார் இருக்கு, உனக்கென்ன குறை? நெருப்புக்கை போய் விழச் சொல்லி ஆர் அழுதது?"

"ஏலாது அம்மா."

"ஏன் ஏலாது?"

"ஏலாது எண்டா ஏலாது. விடுங்கோ."

கணவருக்குப் போன் எடுத்து முறையிட்டால் அவர் சிரிப்பார். "நீர் சும்மா பயப்பிடுறீர். அவள் என்ன குழந்தையே?"

"ஓம், பயத்தை எல்லாம் என்ரை பேரிலை எழுதிப்போட்டு நீங்கள் ஓட்டோபாண் ரோட்டிலை பாட்டுக் கேட்டுக்கொண்டு போங்கோ" என்று போனை வைத்துவிடுவேன்.

ஒருமுறை தச்சரின் பட்டறை எரிந்தபோது உள்ளூர்ப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. தலைக்கவசத்தைத் தாடைக்குக் கீழே பூட்டும் நாடிப்பட்டி கழன்று தொங்கியது. ஊரே அவளைப் பாராட்டியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பட்டிதான். மூன்று நாள் அதைச் சொல்லியே சண்டை பிடித்தேன். படத்தை வெட்டிச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன், அது வேறு கதை.

சைரனில் இரண்டு வகை உண்டு என்று அவள்தான் சொல்லித் தந்தாள். ஒரே சீராக மூன்று தரம் ஊதினால் அது படைக்காரருக்கு. ஏறி இறங்கி ஊதினால் எல்லோருக்கும். அப்போது வானொலியைப் போட்டுக் கேட்டு, சொன்னபடி செய்ய வேண்டும். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பாடம் தலைக்குள் போனது, கால்களுக்குப் போகவில்லை.

போன ஆனியில் மூன்று நாள் விடாமல் மழை. வியாழக்கிழமை வேலை முடிந்து இரண்டரைக்கு வந்தேன். பாலத்தில் நின்று பார்த்தபோது ஆறு கோப்பி நிறத்தில், கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வாத்துகளைக் காணவில்லை. வாய்க்காலுக்கு வந்த வாழ்வைப் பார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கணவர் போலந்தில். மகள் பட்டறையில். போனைக் குசினியில் மின்னேற்றப் போட்டுவிட்டு, பருப்பை அடுப்பில் வைத்தேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது ஊதியது. ஏறி இறங்கி.

இந்த முறை யாரும் வந்து தோளைப் பிடிக்கவில்லை. எச்சரிக்கை இல்லாமல், சந்தையில் கேட்ட அன்றைப் போல, நேராக உடம்புக்குள் புகுந்தது. அடுப்பை நிறுத்தினேன், அது நினைவிருக்கிறது. வானொலியையும் போனையும் நினைக்கவே இல்லை. படியிறங்கி ஓடினால் கீழே வீட்டுக்காரி ஏற்கெனவே மேலங்கி போட்டு, கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் வெள்ளைத் துணி.

"கெல்லருக்கு" என்றார்.

"கெல்லருக்கு" என்றேன் நானும்.

எங்களுக்குள் ஒரு கேள்வி இல்லை, ஒரு தயக்கம் இல்லை. அவருடைய கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். சலவை இயந்திரத்தைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. உள்ளறைக்குள் போனதும் இரும்புக் கதவைத் தள்ளிச் சாத்தியது அவர்தான். தன் தாய் எப்போதும் சாத்துவார் என்றார். அப்போதுதான் தெரிந்தது: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவர் ரூர் பக்கத்துத் தொழிற்சாலை நகரமொன்றில் சின்னப் பிள்ளை. குண்டுபோடும் விமானம் வந்தால் கெல்லருக்குள் இறங்கி, உருளைக்கிழங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர். அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேரும் இதைப் பேசியதில்லை.

நிலமட்டத்தில் இருந்த சின்ன யன்னலால் தண்ணீர் வழியத் தொடங்கியது. முதலில் குழாயைப் பூட்ட மறந்த மாதிரி, பிறகு வாளியால் ஊற்றுகிற மாதிரி. கணுக்காலுக்கு வந்தது. எனக்குப் பயம் வரவில்லை. இன்று நினைக்கும்போது நடுக்கம் எடுப்பது அதற்குத்தான். சைரன் ஊதுகிறது, நான் நிலத்துக்குக் கீழே இருக்கிறேன், கதவு சாத்தியிருக்கிறது. ஆகவே நான் பத்திரம். தண்ணீரைப் பார்த்து வீட்டுக்காரி முனகியபோது நான் பெரிய அனுபவசாலி மாதிரி, "இது ஒன்றும் செய்யாது. எங்கள் நாட்டில் இதைவிடக் கூடத் தண்ணீருக்குள் இருந்திருக்கிறோம்" என்று சொல்லி, அவரைத் தூக்கி மரத்தட்டில் உட்காரவைத்தேன். அவரும் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? அவருடைய தாய் சொன்னதும் என்னுடைய தாய் சொன்னதும் ஒன்றுதான்.

மின்சாரம் போனது. யன்னலால் வந்த கொஞ்ச வெளிச்சத்தையும் தண்ணீர் அடைத்தது. ஜாம் போத்தல்கள் மிதந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தண்ணீர் தொடைக்கு வந்தபோதுதான் போதும் வெளியே போவோம் என்று கதவை இழுத்தேன். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். காலைச் சுவரில் உதைத்து இழுத்தேன். ஓர் ஆள் அந்தப் பக்கம் நின்று பிடித்திருப்பதைப் போல அது அசையவில்லை.

அப்போதுதான் பயம் வந்தது. வரவேண்டிய நேரத்தில் வராமல், கதவு பூட்டிய பிறகு வந்தது. சைரன் ஊதியபோது நான் நின்றது மேல்மாடியில் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுப்பில் பருப்பு அப்படியே இருக்கும். கட்டில் காய்ந்திருக்கும். அந்த வீட்டிலேயே மிகப் பத்திரமான இடத்திலிருந்து, ஒரு கிழவியையும் கையில் பிடித்துக்கொண்டு, சாகிற இடத்துக்கு நானாக நடந்து வந்திருக்கிறேன். கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். தெருவில் யாரும் நின்றிருந்தாலும் விளங்கியிருக்காது.

வீட்டுக்காரி இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தார். குளிரில் அவருடைய பல் அடித்தது. பிறகு செபமாலை சொல்லத் தொடங்கினார். அவர் முதல் பாதியை ஜேர்மனில் சொன்னார், நான் மறு பாதியைத் தமிழில் சொன்னேன். எத்தனையாவது மணி என்று இருவருக்கும் தெரியவில்லை. வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, மனம் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. மாதாவே, அவளை இங்கே வரவிடாதே. எனக்கு என் பிள்ளையைத் தெரியும். நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிந்தால் பட்டியும் கட்டாமல் இந்தத் தண்ணீருக்குள் குதிப்பாள். நான் போனால் போகட்டும். அவள் வரவேண்டாம். வாழ்க்கையில் நான் இவ்வளவு பயந்து எதையும் கேட்டதில்லை. தண்ணீர் இடுப்புக்கு மேலே வந்திருந்தது.

கதவில் இரும்பு இடித்தது.

"பின்னால் போங்கள்! கதவிலிருந்து விலகுங்கள்!"

பேக்கரிக்காரரின் குரல். தினமும் காலையில் "வேறென்ன வேண்டும்?" என்று கேட்கும் அதே குரல். அலவாங்கை இடுக்கில் செருகி நெம்பினார்கள். ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வந்தது, அந்த இடுக்கால் தண்ணீர் வெளியே பாய்ந்தது, இன்னும் நெம்பினார்கள். வாத்தியார் வீட்டுக்காரியைத் தோளில் தூக்கினார். பேக்கரிக்காரர் என் இடுப்பைக் கயிற்றால் தன்னோடு கட்டினார். உள்ளே வேறு யாரும் இருக்கிறார்களா என்று அவர் தேடவில்லை. கதவு திறந்ததும் நேராக என்னிடம்தான் வந்திருந்தார்.

"உங்கள் மகள் சொன்ன இடத்திலேயே இருக்கிறீர்கள்" என்றார்.

எங்களைப் பழைய பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஆற்றங்கரைத் தெரு முழுவதும் அங்கேதான் இருந்தது. பாட்டுச் சங்கம் சூப் காய்ச்சியது. துப்பாக்கிச் சங்கம் போர்வை கொடுத்தது. முயல் சங்கத்தார் தங்கள் முயல்களையும் கூட்டோடு கொண்டுவந்து கூடைப்பந்துக் கம்பத்துக்கடியில் அடுக்கியிருந்தார்கள். இரண்டு பூந்தோட்டச் சங்கங்களும் ஒரே மேசையில் பாண் வெட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரியை மருத்துவர் பார்த்து, போர்வையால் சுற்றிப் படுக்கவைத்தார். போகிற வருகிற எல்லோரும் என் தோளைத் தட்டி, "கெல்லரில் இருந்தீர்களாமே" என்றார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

எனக்கு நேரம் போகப் போகக் கோபம் வந்தது. அவள் வரக்கூடாது என்று மன்றாடியவள் நான்தான். ஆனால் வெளியே வந்து, சூடான சூப்பும் குடித்தபிறகு, அவள் ஏன் வரவில்லை என்று கேட்கத் தொடங்கிவிட்டேன். மனம் ஒரு குரங்கு என்று சும்மாவா சொன்னார்கள்? ஏழு மணிக்கு, வெளியே இன்னும் நல்ல வெளிச்சமாக இருக்கும்போது, அவள் வந்தாள். இடுப்புவரை சேறு. தலைக்கவசம் கையில். என்னைக் கண்டதும் ஓடிவரவில்லை. வாசலில் நின்று, என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகுதான் மெல்ல நடந்து வந்து பக்கத்தில் இருந்தாள்.

"எங்கை நிண்டனி?" என்றேன்.

"பாலத்தடியிலை. மண்மூட்டை."

"நான் அங்கை தண்ணிக்கை கிடக்கிறன். நீ மண்மூட்டை அடுக்கினனியோ?"

"பதினேழு தரம் போன் அடிச்சனான் அம்மா. நீங்கள் எடுக்கேல்லை. உடனை விளங்கீட்டுது. நான் ஓட வெளிக்கிட்டன், பேக்கரிக்காரர் என்ரை ஜக்கெற்றைப் பிடிச்சிட்டார். தாயை எடுக்கப் பிள்ளையை அனுப்பிறேல்லை, அது எங்கடை சட்டம் எண்டார். நீ யோசிக்காமல் குதிப்பாய், பிறகு ரெண்டு பேரையும் நாங்கள் தேட வேணும், நான் போறன் எண்டார்." அவள் கைச் சேற்றைத் துடைத்தாள். "ஒவ்வொரு மூட்டையும் தூக்கேக்கை நான் என்ன நினைச்சிருப்பன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியும். அதைத்தான் நான் கெல்லரில் இருந்து வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். ஆனாலும் விடவில்லை. பயம் தெளிந்தவளுக்கு வாய் சும்மா இராது.

"அவருக்கு எப்பிடித் தெரியும், நான் உள்ளறையிலை எண்டு?"

அவள் தலைக்கவசத்தை மடியில் வைத்து உருட்டினாள்.

"தீயணைப்பு ஸ்டேஷன் சுவரிலை எழுதி ஒட்டியிருக்கு. ஆபத்தெண்டா ஆர் ஆர் தாங்களா வெளியிலை வரமாட்டினம் எண்டு ஒரு தாள். சக்கர நாற்காலியிலை இருக்கிற ஆக்கள், காது கேளாத ஆக்கள். எங்கடை வீட்டு விலாசமும் இருக்கு. 'அம்மா கெல்லருக்குப் போவா. கடைசி அறை. இரும்புக் கதவு.' நான்தான் எழுதினனான்."

"எப்ப?"

"பன்னிரண்டு வயசிலை."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். முயலொன்று கூட்டைச் சுரண்டியது. அந்தச் சுவரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? தச்சர், வாத்தியார், பல் வைத்தியரின் உதவிப்பெண். நான் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு நாடகம் ஆடிய அத்தனை வருடமும் ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் என் விஷயத்தில் வாயைத் திறக்கவே இல்லை.

"ஒரு சனிக்கிழமை உங்களைத் தேடிக் கீழை வந்தனான்" என்றாள் அவள். "நீங்கள் உருளைக்கிழங்குக்குப் பக்கத்திலை காதைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள். நான் வந்தது தெரியாது. நான் நேரை பேக்கரிக்குப் போய் அவரிட்டைக் கேட்டன், அந்தச் சைரனை நிப்பாட்டேலாதோ எண்டு. அது தன்ரை கையிலை இல்லை எண்டார். ஆனா எங்களோடை சேர்ந்து பதினெட்டு வயசானா, அது ஊத முந்தி உனக்குத் தெரியும் எண்டார்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அதுக்குத்தான் சேர்ந்தனான் அம்மா. வேறை ஒண்டுக்குமில்லை. முந்தித் தெரிஞ்சா உங்களிட்டை வந்து சொல்லலாம் தானே. சனிக்கிழமைக்குக் கீழை ஓமாவிட்டைச் சொல்லி வைச்சனான், கோப்பிக்குக் கூப்பிடச் சொல்லி. ஊதேக்கை நல்லாச் சத்தமா கதைக்கச் சொல்லி."

கோப்பியும், மருமகளின் குறையும், தோளைப் பிடித்த கையும், "அம்மா, நான்தான்" என்ற சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவளை அந்தப் படைக்கு இழுத்துக்கொண்டு போனவர் பேக்கரிக்காரர் என்று பன்னிரண்டு வருடம் அவர் முகத்தைப் பார்த்தும் பாராமலும் பாண் வாங்கினேன். அனுப்பியது என்னுடைய பயம். அவள்மேல் விழும் என்று நான் கற்பனை செய்த ஒவ்வொரு கூரைக்கும் கீழே அவளை நானேதான் நிறுத்தியிருக்கிறேன். அழுதேன். போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு, முயல்காரர் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

அவள் இடுப்பிலிருந்த கருவி கூவியது.

அவள் எழும்பவில்லை. என்னைப் பார்த்தாள். கை என் தோளுக்கு வந்தது. இந்த முறை அவள் சொல்வதற்கு முன் அவளுடைய கையை நான் பிடித்துக்கொண்டேன். எப்போதும் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, போகாதே என்கிறவள் நான். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். சைரன் இருக்கும் அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக் கூரை எங்கள் தலைக்கு நேர் மேலே என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த மண்டபத்துக்குக் கெல்லர் இருக்கிறதா என்று கண் தானாகத் தேடியது.

"தொப்பியைப் போடு" என்றேன்.

அவள் போட்டுக்கொண்டாள். பட்டி வழக்கம்போல் கழன்று தொங்கியது. நான் எழும்பி அதை நாடிக்குக் கீழே கொண்டுவந்து பூட்டப் பார்த்தேன். முதல் தடவை பூட்டவில்லை, இரண்டாம் தடவையும் பூட்டவில்லை. வாசலில் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படுத்தாமல், சின்னப் பிள்ளை மாதிரி நாடியை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

மேலே சைரன் ஊதத் தொடங்கியபோது என் கை இன்னும் அந்தப் பட்டியில்தான் இருந்தது. பூட்டி முடித்துவிட்டே கையை எடுத்தேன்.